தவணைக்கு ஆடித் தள்ளுபடி இல்லை

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கலாம். பெண்கள் குழுவாக வாங்கும் சிறுகடனின் வாரத் தவணை கண்ணயர்வதே இல்லை. குழுக் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து அட்டையை நீட்ட வேண்டும். ஒருத்திக்குப் பணம் குறைந்தால், மற்ற நாலு பேர் முந்தானை முடிச்சை அவிழ்த்த பிறகுதான் எழுந்திருக்க முடியும். இதற்குப் பெயர் ‘பிணையில்லாக் கடன்’!

சாத்தார வீதி மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கிக் கட்டி விற்பவருக்கு முகூர்த்த நாளில் காசு. ஆடியில் ஈ ஓட்டல். துணிக்கடையிலாவது ஆடித் தள்ளுபடி உண்டு, தவணைக்கு அதுவும் இல்லை.

கடன் விண்ணப்பத்தில் எல்லாருமே தொழில்முனைவோர்தான். காகிதத்தில் வாங்கிய கறவை மாடுகள் நிஜமாகவே வந்திருந்தால் காவிரியில் பால் ஓடியிருக்கும். பாதி மாடுகள் பள்ளிக் கட்டணம் கட்டப் போயின. மீதி பழைய கடனை அடைக்கப் போயின.

இந்தச் சிறுகடன் என்னதான் செய்கிறது என்று பார்க்க, 2005இல் ஹைதராபாத்தில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் 104 பகுதிகளில் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் முதலீட்டைப் பெருக்கினார்கள். சராசரிக் குடும்பத்தின் மொத்தச் செலவோ கூடவில்லை. கொல்கத்தாவில் வேறொரு ஆய்வுக் குழு, முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் கழித்து வாங்க வைத்துப் பார்த்தது. லாபம் கூடியது, வராக்கடனும் கூடியது.

கடன் கொடுக்கும் தொழில் மட்டும் அமோகம். திருச்சியில் வளர்ந்த ‘கிராம விடியல்’ சிறுகடன் நிறுவனத்தை 2016இல் ஐ.டி.எஃப்.சி. வங்கியே வாங்கிக்கொண்டது.

கடன் கொடுக்கும் மகராசர்களே, தவணைத் தேதி குறிக்குமுன் பஞ்சாங்கத்தையும் ஒரு புரட்டுப் புரட்டுங்கள், புண்ணியமாய்ப் போகும்!