தூரத்து வீட்டுக்காரரும் ஒழுகும் கூரையும்: ஊவாவை முன்வைத்து ஓர் ஆய்வு

வீடு ஓர் ஊரிலும் வீட்டுக்காரர் இன்னோர் ஊரிலும் இருக்கும் நிலையை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு கதிரை ஒதுக்கியதாகத் தெரியவில்லை. இந்தக் குறையைப் போக்கும் பொருட்டு ‘தூரத்துடைமையியல்’ என்னும் துறை இங்கே தொடங்கி வைக்கப்படுகிறது. ஆய்வுக் களம் பதுளையும் அதைச் சுற்றிய தோட்டங்களும். தூரத்தில் இருந்துகொண்டு ஒரு வீட்டை நிர்வகிப்பவர்கள் எங்கும் உண்டு. மலைகளையே அப்படி நிர்வகித்துப் பழகிய இடம் ஊவா.

துறையின் மூலவர் சேர் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை போட்டு வளர்ந்தவர். 1890இல் அவுஸ்திரேலியாவுக்கு உல்லாசப் பயணம் போவதாகச் சொல்லிக் கப்பலேறினார். வழியில் கொழும்பில் இறங்கி, அப்புத்தளைப் பக்கம் தம்பத்தென்ன முதலான தோட்டங்களை வாங்கிப் போட்டார். அப்போது அப்புத்தளைக்குக் கோச்சியே வரவில்லை. அங்கே வந்தது 1893இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல். ஆக, கோச்சி வந்து சேருமுன்பே உடைமையாளர் வந்து, வாங்கி, திரும்பியும் போய்விட்டார்.

தம்பத்தென்னைக்கு மேலே லிப்டன் சீட் என்றொரு முனை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து தம் தோட்டங்களைப் பார்ப்பாராம். இன்று அதே இடத்தில் அவருடைய சிலை தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது. ஊவாவில் ஓர் உடைமையாளர் வெயிலிலும் மழையிலும் நிரந்தரமாகத் தங்கியிருப்பதற்கு நமக்குக் கிடைக்கும் சான்று இந்தச் சிலை ஒன்றுதான். மேகம் இறங்காத காலையில் அங்கிருந்து மாகாண எல்லைகளைத் தாண்டியும் பார்க்கலாம். கீழே லயத்தில் எந்தத் தகரம் பெயர்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

லிப்டனுக்குப் பிறகு முறை செம்மைப்பட்டது. லண்டனில் பங்குதாரர்கள், கொழும்பில் ஏஜென்சி ஹவுஸ், தோட்டத்தில் பெரிய துரை, அவருக்குக் கீழே சின்ன துரை, கண்டாக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி. இத்தனை பேருக்கும் அடியில் பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறை. இதிலிருந்து துறையின் முதல் விதி பிறக்கிறது: உடைமைக்கும் உடையவருக்கும் இடையிலுள்ள தூரத்தை மைலால் அளக்கக் கூடாது, வாயால் அளக்க வேண்டும். ஒழுகல் செய்தி எத்தனை வாய் மாறுகிறதோ அத்தனை தூரம். லயத்தில் அது “ராத்திரி பூரா தூங்கல்லீங்க, புள்ளைக்கி மேலயே ஊத்துது” என்று புறப்படும். கண்டாக்டரிடம் “கூரை கொஞ்சம் ஒழுகுது” ஆகும். ஆபீஸில் அது “ஈரம்”. கொழும்பில் “பராமரிப்பு”. லண்டனுக்குப் போய்ச் சேரும்போது வெறும் “செலவு”. செலவு என்றால் யாருக்கும் பிடிக்காது. குறைக்கச் சொல்லி மறுதபாலில் பதில் வரும்.

இடையில் விசிட்டிங் ஏஜென்ட் என்றொருவர் உண்டு. உடைமையாளரின் கண்ணாக அவ்வப்போது தோட்டத்துக்கு வந்து, சுற்றிப் பார்த்து, அறிக்கை எழுதுவது அவர் தொழில். இன்றைய வீட்டுக்காரர்கள் இந்தப் பதவிக்கு மச்சானை நியமிக்கிறார்கள். மச்சான் வந்து, தேத்தண்ணி குடித்து, வாசலில் நின்று ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் போவார். படத்தில் கதவு நன்றாக இருக்கும்.

ஜோர்ஜ் ஸ்டுவர்ட் ஏஜென்சியின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் தமக்கென்று ஒரு வீடு கட்ட நினைத்தபோது என்ன செய்தார் என்பது இங்கே முக்கியம். 1931இல் அப்புத்தளையில் ‘அடிஷாம்’ பங்களாவைக் கல்லால் கட்டி, தாமே குடிவந்தார். பிறர் தோட்டங்களைக் கொழும்பிலிருந்து நிர்வகிக்கும் கலையில் கரைகண்டவர் தம் சொந்தக் கூரைக்கு அந்தக் கலையை முழுதாக நம்பவில்லை போலும். அது இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஜாம் விற்கிறார்கள், வாங்கலாம்.

இனி நகரத்துக்கு வருவோம். பதுளையில் வீடு, வீட்டுக்காரர் வெள்ளவத்தையில் என்பது வழக்கமான மாதிரி. இதில் வானிலையும் ஒரு கட்சிக்காரர். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் பதுளை காய்ந்து கிடக்கும், கச்சான் காற்று அடிக்கும். அந்த வறண்ட மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுகிறது. ஜூன் மாதத்து ஆய்வுரையாடல் ஒன்றின் மாதிரி வருமாறு:

“தம்பி, இங்க பேய் மழை. அங்க கூரை எப்பிடி?”

“இங்க காத்துதான் ஐயா. மழையவே காணோம்.”

“அப்ப ஒழுகல்ல?”

“மழை இல்லாம எப்பிடிங்க ஒழுகும்?”

“அப்ப சரி. பாஸ் தேவையில்ல.”

வடகீழ்ப் பருவமழை பதுளையை நனைப்பது டிசம்பரில். அந்நேரம் வெள்ளவத்தையில் வெயில் எட்டிப் பார்க்கும், வீட்டுக்காரருக்குக் கூரை என்ற ஒன்றே நினைவில் இராது. வாடகைக்காரர் தாமே எடுத்துச் சொன்னால், “ஆகஸ்ட்ல வந்து பாத்தனே, நல்லாத்தானே இருந்திச்சு” என்பார். பொய்யில்லை. ஆகஸ்டில் வந்தார், நன்றாகத்தான் இருந்தது. இது இரண்டாம் விதி: வீட்டுக்காரர் வரும் பருவத்தில் கூரை ஒழுகாது. இதற்குப் பிறகும் மனமிரங்கி அவர் பணம் அனுப்பினால் மேசன் பாஸ் “நாளைக்கு” வருவார். அந்த நாளை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

சட்டமும் இத்துறைக்குப் பங்களித்திருக்கிறது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வந்து நகரத்து வாடகைக்காரருக்குக் காவல் நின்றது. அதே வருடம் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு போட்டது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசிடம் போயின. லயத்து ஆள் வாடகை கட்டுவதில்லை, ஆகவே வாடகைக்காரர் இல்லை. உறுதியும் கையில் இல்லை, ஆகவே உடைமையாளரும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே அறையில் இருப்பவரை என்னவென்று அழைப்பது? இத்துறையிடம் சொல் இல்லை.

1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்கு மாறின. காணி தொடர்ந்தும் அரசின் வசம். கம்பெனிகள் அந்த வருடம் ஜூன் தொடங்கி 53 வருடக் குத்தகைக்காரர்கள். ஆரம்பக் குத்தகைப் பணம் ஒரு தோட்டத்துக்கு, ஒரு வருடத்துக்கு, 500 ரூபா. தொழிற்சாலை, பங்களா, லயம், ஆற்றங்கரை எல்லாம் சேர்த்துத்தான். பதுளை பஸாரில் ஓர் அறைக்கு அட்வான்ஸ் கேட்டுப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். 1996இல் இது திருத்தப்பட்டு, பணவீக்கத்தோடு ஏறும் குத்தகையானது. ஆனால் முதல் விதியின்படி வாய்கள் குறையவில்லை. லண்டன் போன இடத்துக்குத் திறைசேரி வந்தது, அமைச்சு வந்தது, கம்பெனித் தலைமையகம் வந்தது. தகரம் மாற்றுவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டுகிறது.

இது எப்போதும் சிரிப்பில் முடிகிற விஷயமில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரியும் அபாயம் இருக்கிறது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வாய்மாறிக்கொண்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். புது வீடு கிடைக்கும்வரை பலர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்தார்கள்.

குத்தகை முடிவது 2045இல். அதுவரை, ஒவ்வொரு பெருந்தோட்டக் கம்பெனியிலும் திறைசேரிச் செயலாளரின் பெயரில் ‘தங்கப் பங்கு’ ஒன்று இருக்கும். அதன் பலத்தில் இரண்டு வார எழுத்து அறிவித்தல் கொடுத்துவிட்டுக் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடலாம். கொழும்புக் கோட்டையில் இரவுத் தபால் கோச்சியில் ஏறினால் காலையில் பதுளை. வெள்ளவத்தை வீட்டுக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் திறைசேரிக்காரர்களும் ஒரே பெட்டியில் வரலாம், இடம் போதும். ஒரேயொரு வேண்டுகோள்: ஆகஸ்டில் வராதீர்கள், டிசம்பரில் வாருங்கள். அறிவித்தலும் வேண்டாம்.