தோள்பட்டைக்கு ஒரு மோட்டார்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை, தமிழர் யார் என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு கைப்பையில் முருங்கைக்காய் எட்டிப் பார்க்கும்; மறு கை பிடரியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும். சுற்றுவட்டாரமே நாற்காலிப் பிரதேசம். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) விகாஸ் சதனும் மத்திய கண்காணிப்பு ஆணையத்தின் சதர்க்தா பவனும் இங்கேதான் இருக்கின்றன.

இந்தப் பிடரியை அரசாங்கம் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 2021 செப்டம்பரில், ஆயுஷ் அமைச்சகத்தின் 'ஒய் பிரேக்' என்ற ஐந்து நிமிட யோகாவை ஊழியர்களிடம் பரப்பச் சொல்லிப் பணியாளர் துறை சுற்றறிக்கை அனுப்பியது. டெண்டர் வேண்டாம், ஆடிட் ஆட்சேபணை வராது. கையை நேராகத் தூக்கினால் பக்கத்து சீட்காரர் மூக்கில் படும் என்பது மட்டுமே சிக்கல்.

தனியார் கம்பெனிக்கு அவ்வளவு பொறுமை ஏது? காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மசாஜ் நாற்காலியைப் போட்டுவிட்டால் ஊழியர் நலம் முடிந்தது. மேனேஜர் கண்ணெதிரே அதில் சாய்ந்து கண்மூட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும் என்பது வேறு கதை.

மசாஜ் கருவிகளின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1954இல் ஜப்பானின் ஒசாகாவில் ஃபுஜிமோடோ நொபுவோ என்பவர் பழைய சாமான்களைப் பொறுக்கிச் சேர்த்து முதல் மசாஜ் நாற்காலியைச் செய்தார். விற்றது பொதுக் குளியல் இல்லங்களுக்கு. இன்று ஜிம்முக்குப் போகிறவர் பையிலெல்லாம் கிடக்கும் மசாஜ் துப்பாக்கிக்கு வித்திட்டவர் ஜேசன் வெர்ஸ்லாண்ட் என்ற அமெரிக்க முதுகெலும்பு சிகிச்சையாளர். 2007இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி வலி பொறுக்காமல், பட்டறைக் கருவி ஒன்றை மாற்றியமைத்துத் தன் உடம்பிலேயே வைத்துப் பார்த்தார். மனிதத் தோள் கடைசியில் தச்சு வேலைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பலன் உண்டா? 1996இல் ஆய்வாளர் டிஃபனி ஃபீல்டு குழுவினர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், பங்கேற்றவர்களை வாரம் இருமுறை பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்காரவைத்து மசாஜ் செய்தார்கள். அவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, கணக்கையும் வேகமாக, பிழை குறைவாகப் போட்டார்கள். ஆனால் அங்கே பிடித்துவிட்டது மனிதக் கை, மோட்டார் அல்ல. கம்பெனிகளின் காதில் கணக்கு வேகமாக நடக்கும் என்பது மட்டும் நன்றாக விழுந்திருக்க வேண்டும்.

மறுபடி மார்க்கெட்டின் மீன் கடைப் பக்கம் வந்தால் நிஜமான தோள்பட்டை தெரியும். மரக்கட்டை முன்னால் உட்கார்ந்திருப்பவர் வஞ்சிரத்தின் நடுமுள்ளில் கத்தியை ஓங்கி இறக்குகிறார். ஒவ்வொரு இறக்கத்துக்கும் வலது தோள் காதுவரை ஏறி இறங்குகிறது. நடுவில் ஒரு டீ. கழுத்தைச் சொடுக்கிக்கொள்கிறார், அவ்வளவுதான் அவருக்கான ஒய் பிரேக். எதிரே நிற்கும் தமிழர் பிடரியிலிருந்து கையை எடுக்காமலே, "பத்லா பைய்யா, அவ்ர் பத்லா" என்கிறார். வறுவலுக்குத் துண்டு மெலிசாக வேண்டுமாம். வெட்டு இரட்டிப்பாகிறது. கிலோ விலை மட்டும் பழையதேதான்.