முன்சக்கரத்துக்கு என்ன சோலி?

பிக்கப் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வீலா நாலு வீலான்னு மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்னு உனக்குத் தோணுச்சு பாரு மாப்ள, அதுக்கே உங்காத்தாளக் குலசாமிக்குப் பொங்க வைக்கச் சொல்லணும். ஆனா நீ கேக்க வரலய்யா. வண்டியோட பின்கதவுல "ஃபோர் இன்டு ஃபோர்"னு ஒட்டியிருக்கே ஒரு ஸ்டிக்கரு, அதப் பார்த்த அன்னைக்கே நீ முடிவு பண்ணிட்ட. இப்ப உனக்கு வேண்டியது யோசனை இல்ல. லோனுக்கு உங்காத்தா கையெழுத்துப் போடணும், அதுக்கு ஒரு வெள்ளை மீசைக்காரன் தலையாட்டணும். ஆட்டுவோம். என்ன அவசரம், அதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசுவோம்.

மொதல்ல நீ ஓட்டப் போற ரோட்டச் சொல்லு. போன்ல பாக்குற ரோட்ட இல்ல. அதுல அமெரிக்காக்காரன் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500னு லாரி சைசுப் பிக்கப்புல பனிக்குள்ள பூந்து வர்றான், ஏரிக்கரை வழுக்கல்ல நின்னு படகக் கட்டி மேல இழுக்குறான். அவனுக்கு வேணும், வாங்குறான். நீ போறது எங்க? போடியில இருந்து முந்தல், முந்தல்ல இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு, அங்குட்டுப் பூப்பாறை. தொண்டிக்கும் கொச்சிக்கும் நடுவுல ஓடுற 85-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. அம்புட்டும் தாரு. அதுல ஏறுற பஸ்ஸும் சரி, உரம் ஏத்திப் போற லாரியும் சரி, பின்சக்கரந்தான் தள்ளுது. முன்சக்கரத்துக்குத் திரும்புறதத் தவிர வேற சோலி கிடையாது.

"போட்டுக்கிட்டு ஏறுனா கிரிப்பா இருக்கும்ல மாமா"ங்குற. இருக்கும், இருக்கும். ஒரு தடவ புழுதிக்காட்டுல வண்டிய முழுசா ஒடிச்சுத் திருப்பிட்டு எறங்கித் தடத்தப் பாரு. முன்சக்கரம் அகலமா சுத்திப் போயிருக்கும், பின்சக்கரம் உள்ள ஒதுங்கி வந்திருக்கும். முன்னதுக்குத் தூரம் கூட, பின்னதுக்குக் கம்மி. நம்ம ஊரு பிக்கப்புல நாலு வீலப் போட்டதும் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள ஒண்ணாப் பூட்டிரும். ரெண்டும் ஒரே சுத்துதான் சுத்தியாகணும். சேத்துல ஏதோ ஒரு டயரு லேசா வழுக்கிக் கணக்கத் தீத்துக்கும். தார்ல வழுக்க வழியில்ல, முறுக்கு உள்ளயே ஏறும். ஸ்டீயரிங் இறுகும், வண்டி வளைவுல தத்தித் தத்தித் திரும்பும், டயரு தேயும், கிராஸ் ஜாயின்ட்டு "டக் டக்"னு பேச ஆரம்பிக்கும். 17 வளைவுலயும் பேசும். கீழ வர்றப்போ மெக்கானிக்கு பேசுவான். நடுவுலயும் ஒரு டிஃபரன்ஷியல் வச்சு எந்நேரமும் நாலு வீலுல ஓடுற சொகுசுக் காரும் உண்டு. அது வேற ரகம், அந்த விலைக்கு உங்காத்தாகிட்ட கையெழுத்துக் கேட்டேன்னா எனக்கும் சேத்து வெளக்குமாறு வரும்.

நாலு வீலுன்னா பிரேக்கு நல்லாப் பிடிக்கும்னு டீக்கடையில ஒருத்தன் சொல்லியிருப்பானே? பிரேக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலயுந்தான்யா இருக்கு. ஈரத்துல வழுக்காம ஏறிட்டோம்ங்கிற தெம்புல, அதே ஈரத்துல வேகமா எறங்குறான் பாரு, அவந்தான் தேயிலைச் செடிக்குள்ள போயி நின்னுக்கிட்டு போன்ல சிக்னல் தேடுறது.

சரி, தார விட்டு எறங்கு. பூப்பாறை தாண்டி ஏலத்தோட்டத்துக்குள்ள மண்ரோடு. ரெண்டு வீலு வண்டின்னா ரெண்டு சக்கரமும் எப்பவும் சேந்து தள்ளும்னு நெனச்சுக்கிட்டு இருக்க. பின் ஆக்சில் நடுவுல குண்டா ஒண்ணு இருக்கே, ஷெட்டுல கிரவுனும்பான். அதுக்குள்ள இருக்குற டிஃபரன்ஷியல், சோம்பேறிக்கே சோறு போடுற வீடு. ஒரு டயரு சேத்துல வழுக்கிச் சும்மா சுத்துச்சுன்னா, சுத்தையெல்லாம் அதுக்கே அள்ளிக் கொடுத்துட்டு, கெட்டித் தரையில கால ஊன்றி நிக்கிற டயரப் பட்டினி போட்டுரும். உங்க வீட்டுல இது நடக்கலன்னு சொல்லு பாப்போம். வெள்ளென எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போறது உங்கண்ணன், கறித்துண்டு கெடக்குறது உன் தட்டுல.

நாலு வீலுல முன்னாடியும் அதே கூத்துதான். ஜீப்புத் தடத்துல வண்டி கோணலா எறங்கி, முன்னாடி இடது டயரும் பின்னாடி வலது டயரும் அந்தரத்துல தொங்குதுன்னு வையி. தொங்குறது ரெண்டும் ஜோராச் சுத்தும், வண்டி அசையாது. ஸ்டிக்கரப் பார்த்து மண்ணு ஒண்ணும் பயந்துக்காது. இதுக்கு மருந்து டிஃப் லாக்கு. அதப் போட்டா அந்த ஆக்சிலோட ரெண்டு டயரும் சேந்தேதான் சுத்தணும், ஒண்ணு தொங்குனாலும் இன்னொண்ணு தள்ளும். ஷோரூமுக்குப் போறவன் எல்லாம் நாலு வீலு இருக்கான்னு கேக்குறான். பின்னாடி லாக்கு இருக்கான்னு ஒருத்தனாவது கேக்குறானா?

அதுக்கும் முன்னாடி பாக்க வேண்டியது வெறும் வண்டி. பிக்கப்புல எஞ்சினு முன்னாடி, பின்னாடி காலிப் பொட்டி. டன்னு கணக்கா தாங்குறதுக்குப் போட்ட ஸ்பிரிங் பட்டை, காலியா ஓடுறப்ப முரட்டுத்தனமாத் தூக்கிப் போடும். தள்ளுற சக்கரத்து மேல கனமே இல்ல, அப்புறம் எங்குட்டுப் பிடிக்கும்? காலியா ஏறுறப்ப நின்ன எடத்துலயே சுத்துன அதே மேட்டுல, உரமூட்டை ஏத்துன வண்டி முக்கிக்கிட்டே ஏறிரும். அதனால காலியாப் போற அன்னைக்கு நாலஞ்சு மணல் மூட்டையப் போட்டுக்க. சரியா பின் ஆக்சிலுக்கு மேல போடு. கதவோரமாப் போட்டேன்னா முன்பக்கம் லேசாகி, நீ ஸ்டீயரிங்க ஒடிப்ப, வண்டி நேராப் போகும். டயரு மொட்டையா இருந்தா இதெல்லாமும் வீண். நாலு மொட்டை டயரோட நிக்கிற நாலு வீலு வண்டிய, கட்டை கட்டையாப் பட்டன் இருக்குற நல்ல டயரு ரெண்ட பின்னாடி மாட்டுனவன் ஓரமாக் கடந்து போயிருவான். ஆடி மழையில பின் டயருல சங்கிலியச் சுத்திக்கிட்டு ஏறுற ஜீப்ப நீயே பார்த்திருப்ப. அந்தச் சங்கிலி என்ன லட்ச ரூவாயா?

இம்புட்டும் சொல்லிட்டு நாலு வீலே வேணாம்னு முடிச்சேன்னா என் மீசையில மண்ணு. அது எதுக்குன்னு தெரிஞ்சு வாங்கு. 1947-ல மகிந்திராக்காரங்க வில்லீஸ் ஜீப்ப பம்பாயில பூட்டி விக்க ஆரம்பிச்சாங்க. பட்டாளத்துக்குன்னு செஞ்ச வண்டி. டிரைவரு காலுக்குப் பக்கத்துல மூணு கம்பி நிக்கும். பெருசு, கியரு. சின்னது ரெண்டுல ஒண்ணு முன்சக்கரத்தச் சேக்குறது, இன்னொண்ணு லோ போடுறது. முன்சக்கரத்தச் சேக்காம லோவுக்குத் தள்ளிப் பாரு, விழாது. உள்ள ஒரு பூட்டு வச்சிருந்தான். லோவுல வர்ற இழுவை பூராவும் பின் ஆக்சில் ஒண்ணு மேலயே எறங்குனா அது தாங்காதுல்ல, அதுக்குத்தான். மாப்ள, நாலு வீலுக்கு நீ கொடுக்குற காசுல முக்காவாசி அந்த மூணாவது கம்பிக்குன்னு நெனச்சுக்க. இப்ப அது கம்பியா இல்ல, திருகுற குமிழா வந்துருச்சு. சோலி அதேதான்.

லோ போட்டா எஞ்சினு அதே வேகத்துல கத்தும், சக்கரம் ரெண்டு ரெண்டரைப் பங்கு மெதுவா உருளும், இழுவை அதே அளவுக்குக் கூடும். ஏறுறத விட எறங்குறப்பதான் அதோட அருமை தெரியும். மூட்டையோட, சரளைக் கல்லு சரியுற எறக்கத்துல, லோ ஒண்ணாங் கியருல போட்டுட்டு கிளட்சுல இருந்தும் பிரேக்குல இருந்தும் காலை எடுத்துப் பாரு. எஞ்சினு நாலு சக்கரத்தையும் பிடிச்சுக்கிட்டு அடி அடியா எறக்கும். பிரேக்க மிதிச்சேன்னாதான் சக்கரம் நின்னு போயி வண்டி வழுக்கும். ரெண்டு வீலுலயும் கியருல எறக்கலாம், ஆனா பிடிக்கிறது பின்டயரு ரெண்டு மட்டுந்தான். சந்தேகமா இருந்தா ஒரு நா கொழுக்குமலைக்குப் போயிட்டு வா. நம்ம தேனி மாவட்டத்து மலைதான், ஆனா வண்டியில போகணும்னா கேரளாவுக்குள்ள பூந்து சூரியநெல்லி வழியாத்தான் போகணும். அந்தக் கல்லு ரோட்டுல ஜீப்புக்காரங்க எறங்குற வேகத்தப் பாரு. பக்கத்துல நடந்து போறவன் பேச்சுக் கொடுத்துக்கிட்டே வரலாம்.

இன்னொரு வேடிக்கையும் பார்த்திருக்கேன். பழைய ஜீப்புல சிலதுக்கு முன்சக்கரத்து ஹப்ப வெளிய நின்னு கையால திருகி விடணும், அப்பத்தான் நாலு வீலு வேலை செய்யும். நம்ம பயலுக காஞ்ச தரையில நின்னு அதத் திருக மாட்டாய்ங்க. வண்டி முங்குன பெறகு, முழங்கால் சேத்துல நின்னு, ஹப்பு எங்கருக்குன்னு தடவுவாய்ங்க. இப்பத்து வண்டியில உக்காந்த எடத்துலயே திருகலாம்கிறதால பயலுக இன்னும் சோம்பேறியாயிட்டாய்ங்க, சிக்குற வரைக்கும் ஞாபகமே வர்றதில்ல. சேத்துக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடியே போட்டுரு. லோன்னா வண்டிய நிப்பாட்டி, நியூட்ரல் பண்ணிட்டுப் போடு.

செலவுக் கணக்குக்கு வா. முன் கிரவுனு, டிரான்ஸ்ஃபர் கேஸு, இன்னொரு ஷாஃப்ட்டு, எல்லாம் இரும்புய்யா. மொத்த எடை 3,000 கிலோவத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேணாம்னு மோட்டார் வாகனச் சட்டத்துல இருக்கு. மொத்த எடைன்னா வண்டியும் சரக்கும் சேத்து. அந்த எல்லைக்குள்ள நிக்கணும்னா, முன்னாடி தொங்குற ஒவ்வொரு கிலோ இரும்புக்கும் பின்னாடி ஒரு கிலோ ஏலக்காய எறக்கி வைக்கணும். மாத்த வேண்டிய ஆயிலு ரெண்டு எடத்துல கூடுது. முன் ஆக்சில் ரப்பர் உறை கிழிஞ்சு மண்ணு உள்ள போச்சுன்னா பர்சு கிழியும். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்கணும். பின்னாடி புதுசு முன்னாடி பழசுன்னு மாட்டிக்கிட்டு நாலு வீலப் போட்டா, நேர் ரோட்டுலயே முறுக்கு ஏறும். நீ சைக்கிளுக்கே ரெண்டு அளவுல டயரு மாட்டி ஓட்டுனவன். அப்பப்ப மண்தரையில நாலு வீலப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி விடவும் வேணும், இல்லன்னா ஆயிலு பரவாம, தேவைப்படுற அன்னைக்கு அது எந்திரிக்காது.

வண்டிப் பேரு சொல்லுங்குறியா? பொலேரோ பிக்கப்புல பெரும்பாலும் ரெண்டு வீலுதான், மூட்டைக்குன்னே செஞ்சது. ஆளும் போகணும் கொஞ்சம் சரக்கும் போகணும்னா பொலேரோ கேம்பரு, அதுல நாலு வீலும் உண்டு. அதுக்காகப் பின் பொட்டியில ஆள அடைச்சு ஏத்தாத, சட்டத்துல எடமில்ல. நீ போன்ல பூசை பண்ணிக்கிட்டு இருக்கியே இசுசு வி-கிராஸ், 2016-ல வந்தது, ஆந்திராவுல ஸ்ரீசிட்டியில செய்யுறான். ரெண்டு வீலும் இருக்கு, நாலு வீலும் இருக்கு. 2022-ல வந்த டொயோட்டா ஹைலக்ஸு நம்ம நாட்டுல நாலு வீலு மட்டுந்தான். ரெண்டும் நல்ல வண்டி, பொண்ணு பாக்கப் போக ரொம்ப நல்ல வண்டி. ஆனா வெள்ளை போர்டு. அதுல மூட்டை ஏத்தி வாடகைக்கு ஓட்டுனேன்னா, பொண்ணு வீட்டுக்காரன் வர்றதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. வந்துருவாரு.

ஆக, போடியில இருந்து பூப்பாறை வரைக்கும் லோடு அடிக்கிற உனக்கு ரெண்டு வீலு போதும். மிச்சக் காசுல பின்னாடிக்கு நல்ல டயரு, ஒரு சோடி சங்கிலி, ஒரு நல்ல இழுவைக் கயிறு வாங்கு. டிஃப் லாக்கு கெடச்சா விடாத. உங்காத்தாகிட்ட இப்படியே சொல்லிடுறேன். மொகத்தத் தூக்கி வச்சுக்காத.

ஏன் நாலு வீலு வேணாங்குறேன்னு கேக்குறியா? ஊருல ஒருத்தன்கிட்ட நாலு வீலு இருக்குன்னு தெரிஞ்சா போதும்யா. மழையடிக்கிற ராத்திரி ரெண்டு மணிக்கு, எவன் எங்க சிக்குனாலும் மொதல் போனு உனக்குத்தான் வரும். சிக்குனவன் சொந்தக்காரனா இருப்பான், காசு கேக்க முடியாது. பெறகு காய் எடுப்பு வரும். பாதை சரியில்லாத தோட்டத்துக்காரன் அம்புட்டுப் பேரும் உன் வாசல்ல வந்து நிப்பான்.

அதுல மொத ஆளு நாந்தான். ஏலக்காய் காய வைக்கிற நம்ம ஸ்டோருக்குப் போற கடைசி மேடு உனக்குத் தெரியும்ல? ஓடைக்கு அங்குட்டு, மழை பெஞ்சா ஆடு கூட ஏறாது. அங்க ரெண்டு வீலு ஏறாது மாப்ள, சத்தியமா ஏறாது. காய் காஞ்சு மூட்டையாயி ஏலத்துக்குப் போகணும், போடியோ புத்தடியோ, எங்க விலை நிக்கிதோ அங்க. அதனால நீ புடிவாதமா நாலு வீலுதான் வேணும்னு நின்னா, நான் குறுக்க நிக்க மாட்டேன், உங்காத்தாகிட்ட வேற மாதிரி பேசிக்கிறேன். ஆனா ஆடிக்குள்ள வண்டிய எடுத்துரு. வாடகைய நமக்குள்ள எதுக்குப் பேசிக்கிட்டு? டீசல மட்டும் நீ போட்டுக்க.