சந்தா இல்லாத சங்கம்

பூண்டுலோயா டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோ" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி மெல்லத் திரும்புவார். கறுப்பு டீ-சேர்ட். கையில் சாவிக்கொத்து, அதில் ஒரே ஒரு சாவி, மிச்சமெல்லாம் பென்டிரைவ். "விண்டோஸா பாவிக்கிறீங்க?" என்பார். கேட்கும்போதே முகத்தில் துக்கம் விசாரிக்கிற களை வந்துவிடும். நீங்கள் தப்பித்தீர்கள் என்றால் உங்களுடைய பஸ் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தம்பி பிறக்கும்போதே லினக்ஸ்காரர் இல்லை. அண்ணன் கொழும்பில் புடவைக்கடையில் நின்று சம்பாதித்து, யூனிட்டி பிளாசாவில் வாங்கி அனுப்பிய பழைய டெல் அவருடையது. ஏதோ ஒரு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற மிஷின். தனியாகக் கரண்ட் வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்குகிற 1050 டிஐ கார்டு ஒன்றைச் செருகியதும், அந்த வயதிலும் ஜிடிஏ ஓட்டத் தொடங்கிவிட்டது. வினை 2025 அக்டோபர் 14-இல் வந்தது. விண்டோஸ் 10-க்கு இனி இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லை என்றது மைக்ரோசொஃப்ட். பதினொன்றுக்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 எங்கே, இன்டெல் எட்டாம் தலைமுறையா என்று கேட்கிறது. தம்பியுடையது நாலாம் தலைமுறை. 1948-இல் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரிடம் தலைமுறைக் கணக்குக் கேட்டதிலிருந்தே இந்த மலையில் அந்தக் கேள்வி யாருக்கும் பிடிப்பதில்லை. தம்பி அன்றிரவே மின்ட் என்கிற லினக்ஸை இறக்கினார்.

அன்றிலிருந்து பிரசாரம். முதல் வாதம், "லினக்ஸ் இலவசம்." உலகத்தில் எங்கும் எடுபடும் இந்த வாதம் பூண்டுலோயாவில் மட்டும் எடுபடாது. இங்கே விண்டோஸுக்குக் காசு கொடுத்தவர் யார்? கம்யூனிகேசன் கடையில் போட்டோ கொப்பி எடுக்கிற கையோடு கிராக் போட்டுக் கொடுப்பார்கள். 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்று வலது மூலையில் நிற்கிற வாசகத்தைத் திரையின் ஓர் உறுப்பு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஆகவே தம்பி தேசப்பற்றுக்குத் தாவுவார். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்காக நம் நாட்டுப் பொடியன்கள் எழுதிய 'சஹானா' திறந்த மென்பொருள்தான் என்பார். கண்டி ஹந்தானை மலையின் பெயரிலேயே இலங்கையில் ஒரு லினக்ஸ் வந்தது என்பார். இரண்டும் உண்மை. கேட்பவருக்கு அதனால் என்ன ஆக வேண்டும் என்பதுதான் தெரியாது.

கேம் ஓடுமா என்று யாராவது கேட்டால் தம்பிக்குக் குரல் ஏறும். வால்வ் கம்பனி 2018-இல் புரோட்டான் விட்டதும், அதற்கு அடியில் 1993-இலிருந்து வளர்ந்த வைன் இருப்பதும், ஸ்டீம் டெக் ஓடுவதே லினக்ஸில்தான் என்பதும் ஒரே மூச்சில் வரும். நியாயமாகச் சொன்னால், பெரும்பாலான கேம் ஓடத்தான் செய்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 புரோட்டானே இல்லாமல் ஓடும். ஆனால் ஆட விடுவதற்கு முன் 'வல்கன் ஷேடர்களைத் தயார் செய்கிறோம்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து உட்காரும். 12 சதவீதம். அம்மா தேத்தண்ணி ஊற்றிவிட்டுப் போவார். 31. பழைய மிஷினின் காற்றாடி லயத்துச் சுவர் அதிர இரையும். 78. பக்கத்து வீட்டிலிருந்து "என்னா, கிரைண்டர் வாங்கிட்டீங்களா?" என்று குரல் வரும். 91-இல் கரண்ட் போகும். மேல்கொத்மலையில் 150 மெகாவாட் மின்நிலையம் நம் தண்ணீரில்தான் சுழல்கிறது. காற்றில் ஒரு கிளை முறிந்தால் முதலில் இருட்டுவதும் நாம்தான்.

வாலரண்ட் பற்றி மட்டும் தம்பியிடம் கேட்கக் கூடாது. அதில் கள்ள ஆட்டம் பிடிக்கிற வான்கார்ட் காவல்காரன் விண்டோஸின் அடிவயிற்றில் உட்கார்ந்து பழகியவன், லினக்ஸுக்கு வரமாட்டான். 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஒன்லைனும் கதவைச் சாத்திவிட்டது. "அது நம்ம குத்தமில்ல, கம்பனிக்காரன் குத்தம்" என்பார் தம்பி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளக்கம் போதும்.

வீட்டுக்குள் எதிர்க்கட்சி அக்கா. தோட்டப் பாடசாலையில் டீச்சர். தவணைப் பரீட்சைப் பேப்பரைப் பாமினி எழுத்துருவில் அடித்தே பழகியவர். மின்ட்டில் முதல் நாள் திறந்தபோது ஐந்தாம் வகுப்புச் சுற்றாடல் வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. "பொட்டிய பழையபடி ஆக்குடா, இல்லாட்டி நீயே வந்து பேப்பர் எழுது" என்றார். தம்பி பாமினியைத் தேடிப் போட்டார். எழுத்து திரும்பியது, கோடிட்ட இடங்கள் மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டன.

தம்பியை முழுதாக விளங்கிக்கொண்ட ஒரே ஆள், மேல் டிவிசனில் சங்கத் தலைவராக இருந்து ஓய்ந்த பெரியவர்.

"டெபியன்னு ஒன்னு மாமா, 1993. அதுலருந்து 2004-ல உபுண்டு. உபுண்டுலருந்து 2006-ல மின்ட்."

"இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1939. அப்புறம் இ.தொ.கா. அதுலருந்து அஸீஸ் பிரிஞ்சாரு, வெள்ளையன் பிரிஞ்சாரு. விளங்குது, சொல்லு. இவிங்க என்னாத்துக்கு அடிச்சிக்கிட்டாங்க?"

"ஜன்னலை மூடுற பட்டன் எந்தப் பக்கம் இருக்கணும்னே சண்டை நடந்திருக்கு மாமா."

"எங்க கமிட்டி ஒடைஞ்சதும் மேடையில நாற்காலி எந்தப் பக்கங்கிறதுலதான். சரி, சந்தா எவ்வளவு?"

"சந்தாவே இல்ல. இலவசம்."

பெரியவர் முதல்முறையாகச் சந்தேகப்பட்டார். "சந்தா வாங்காத சங்கமா? அப்ப அந்த வாலரண்ட் கம்பனியோட பேச்சுவார்த்தைக்கு யாரு போவா? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே நாங்க வருசக்கணக்கா பேசினோம்பா."

தம்பியிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பெரியவரே பேரனின் லேப்டொப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இவனையும் ஒங்க சங்கத்துல சேத்துக்க. ஆனா அந்த விண்டோஸையும் ஒரு ஓரமா இருக்க வுடு."

"ரெண்டையும் வச்சிக்கிறது கொள்கைக்கு விரோதம் மாமா" என்றார் தம்பி. அவருடைய மிஷினிலும் தொடக்கப் பட்டியலின் இரண்டாவது வரியில் விண்டோஸ் ஒளிந்திருப்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"கொள்கைய விடு. நானே முப்பது வருசமா ஒரு சங்கத்துக்குச் சந்தா, இன்னொன்னுக்கு ஓட்டுன்னு இருந்தவன்தான்."