மெட்ரோ கணக்கு, பெருமுக்கல் கணக்கு

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதன் கட்டணத்தைக் கணிப்பது எளிது. 2021 பிப்ரவரி முதல் 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. அட்டையோ க்யூஆர் டிக்கெட்டோ இருந்தால் 20 சதவீதம் தள்ளுபடி.

நேரக் கணக்கு வேறு ரகம். நிலையத்திலிருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை மட்டுமே மெட்ரோ செயலி சொல்லும். பை சோதனை, நகரும் படிக்கட்டு, எந்த வாசல் எந்தச் சாலையில் கொண்டுபோய் விடும் என்ற ஆராய்ச்சி எல்லாம் பயணியின் சொந்தச் செலவு.

திண்டிவனம்–மரக்காணம் சாலையிலுள்ள பெருமுக்கல்லிலிருந்து சென்னை சென்ட்ரல் போகிறவருக்கு மெட்ரோ கடைசி அத்தியாயம். முதலில் திண்டிவனத்துக்குப் பேருந்து. அது எப்போது வரும் என்பதற்குச் செயலி கிடையாது, டீக்கடைக்காரர் உண்டு. "இப்பதாங்க போச்சு" என்பார். அடுத்த பேருந்து சென்னைக்கு. முன்பெல்லாம் அது கோயம்பேட்டில், மெட்ரோ வாசலிலேயே இறக்கிவிடும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது; அதன் பிறகு பேருந்து அங்கேயே இறக்கிவிடுகிறது. மெட்ரோ பாதையோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. இடைப்பட்ட சுமார் 15 கிலோமீட்டருக்கு மாநகரப் பேருந்து, பொறுமை இல்லாதவருக்கு ஆட்டோ. மெட்ரோவுக்கு நிமிடக் கணக்கு, வழியிலுள்ள ஜி.எஸ்.டி. சாலைக்கு மணிக் கணக்கு. ஆட்டோ கட்டணத்துக்கும் அட்டவணை உண்டு. அது ஓட்டுநர் பயணியின் பையைப் பார்த்த பிறகு தயாராகும்.