சகலை சொன்ன தீவு

மல்லாபூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஒரு ராத்திரி பஸ் பயணமாவது ஆகும். எங்கள் தெருவில் தண்ணீர் என்றால் குழாயில் வருவது. வராத நாளில் லாரியில் வருவது. சம்ப் மூடியைத் தூக்கி டார்ச் அடித்து, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுதான் நாங்கள் அறிந்த ஆழ்நீர் ஆராய்ச்சி. இப்படிப்பட்ட ஊரில் குடியிருப்பவனுக்கு ஸ்கூபா ஆசை வந்ததென்றால், அதற்கு டொரொன்டோவில் இருக்கும் சகலைதான் காரணம்.

குளிர்கால லீவில் கரீபியன் போய், முதுகில் சிலிண்டரோடு எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கூடவே ஒரு வரி: "முதல் டைவ்னா கரீபியன்லதான் பண்ணணும். மத்ததெல்லாம் வேஸ்ட்." என் மனைவி அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டாள். அந்த இதயம் எவ்வளவு செலவில் போய் முடியும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சகலையின் சிபாரிசு பொனேர். வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் டச்சுத் தீவு. சுற்றியுள்ள கடலை 1979லேயே பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களில் இறங்குமிடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு, நடந்தே கடலுக்குள் போய்விடலாம். படகு கிடையாது, ஆகவே வாந்தியும் கிடையாது. புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்கும் தள்ளியே இருக்கிறது. ஆரம்பக்காரனுக்கு இதைவிட நல்ல இடம் சொல்வது கஷ்டம். சகலை சொல்லாமல் வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன்.

மாமனார் அப்போது எங்களோடு தங்கியிருந்தார். கரீபியன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போர்ட் ஆஃப் ஸ்பெயின் போங்க மாப்ள! 71ல நம்ம வெங்கட்ராகவன் அங்கதான் ரெண்டாவது இன்னிங்ஸ்ல அஞ்சு விக்கெட் எடுத்தான். வெஸ்ட் இண்டீஸை நாம முதல் முதலா ஜெயிச்ச மேட்ச்." "மாமா, நாங்க டைவ் அடிக்கப் போறோம்." "அதான், சோல்கர் ஷார்ட் லெக்ல அடிப்பானே!"

அவரே பிறகு பார்படோஸுக்கு மாறினார். யோசனை மோசமில்லை. நமக்கு விசா வேண்டாம். கார்லைல் விரிகுடாவில் அதிக ஆழமில்லாத இடத்திலேயே பழைய கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. ஆமைகள் பக்கத்தில் வந்துபோகும். ஆனால் 2024ல் அங்கே டி20 உலகக் கோப்பையை ஜெயித்த நம் அணி, பெரில் புயலால் ஊர் திரும்ப முடியாமல் ஓட்டலிலேயே கிடந்தது மனைவிக்கு நன்றாக நினைவிருந்தது. "கப்பு வாங்கினவனுக்கே பிளேன் இல்ல. நமக்கு யார் அனுப்புவா?" ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். எங்கள் பையனுக்கு ஸ்கூல் லீவு விடும் தசராவும் அதற்குள்ளேதான் வருகிறது.

அவள் தேடிக் கண்டுபிடித்தது குவாடலூப். 1854 டிசம்பரில் அங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் இந்தியக் கப்பல் போய்ச் சேர்ந்தது. தொடர்ந்து பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். மொழி போய்விட்டது. மாரியம்மன் கோயிலும் மசாலாப் பொடியும் மிச்சம். 1943ல் எமில் காஞானோடு சேர்ந்து நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியைச் செய்த கூஸ்தோவின் பெயரில் அங்கே ஒரு கடல் பகுதியே இருக்கிறது. "மாரியம்மனும் இருக்கா, மூச்சுக்கு வழி பண்ணினவர் பேரும் இருக்கு. வேற என்ன வேணும்?" என்றாள். பிரான்சு விசா வேண்டும் என்றேன். மாரியம்மனால் முடியாத காரியம் அது ஒன்றுதான்.

இதற்கு நடுவே கீழ்வீட்டு ஓனர் விஷயத்தைக் கேள்விப்பட்டு மாடி ஏறி வந்தார். "ஈத வச்சா சார்?" என்று தெலுங்கில் கேட்டார். நீச்சல் தெரியாது என்றேன். மோவாயில் கை வைத்துக்கொண்டு என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். முதல் டைவுக்கு நீச்சல் தேவையில்லை, பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார் என்று எவ்வளவோ சொன்னேன். அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியிருக்குமோ என்ற கவலை அவர் முகத்திலிருந்து போகவேயில்லை.

உண்மையில் தீவைவிடக் காதுதான் பெரிய விஷயம். பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலிக்க ஆரம்பிக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி ஊதித்தான் இறங்க வேண்டும். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. முகமூடிக் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலச வேண்டும். கட்டை விரலைத் தூக்கி 'சூப்பர்' காட்டினால் 'மேலே போகணும்' என்று அர்த்தம். பாதி ரசித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டிவந்துவிடுவார்கள். எவ்வளவு பணம் கட்டினாலும் முதல் டைவில் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள். நூறு மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள பெலீஸ் நீலக்குழிக்கு நான் போவது, திருப்பதிக்குப் போய் அலிபிரியோடு திரும்புவது மாதிரி.

அந்தப் பன்னிரண்டு மீட்டர் அந்தமானிலும் இருக்கிறது. விசா இல்லை, லண்டனில் இறங்கி மாறுவதில்லை. ஹேவ்லாக்கில் கரையிலிருந்தே இறங்கும் நீமோ ரீஃப் ஆரம்பக்காரர்களுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மழைக்காலம் தாண்டிய பொங்கல் லீவு என்று முடிவாயிற்று. டைவ் அடித்த அன்றே விமானம் ஏறக்கூடாது என்பதால் ஒருநாள் சேர்த்துத் தங்கவும் ஏற்பாடு. சகலைக்குச் சொன்னோம். "நைஸ்" என்று மட்டும் பதில் போட்டார்.

அங்கே போன் செய்தபோது பேசிய பயிற்சியாளர் நல்லவேளையாகத் தமிழ்க்காரர். ஆஸ்துமா, பிரஷர், காது ஆபரேஷன் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொல்லித் தெம்பாக இருந்தேன். கடைசியாக, "மீசை பெருசா சார்? மாஸ்க் ஒட்டாது, அந்த இடைவெளியில தண்ணி பூந்துடும். வாஸ்லின் தடவிப் பாக்கலாம். எடுத்துட்டா பிரச்சினையே இல்ல" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மனைவி சத்தமாகச் சொன்னாள்: "பெருசுதாங்க. வரும்போது இருக்காது!"