பாதியும் இரட்டிப்பும்: அரக்கர் உடம்பின் மீது ஒரு கணக்காய்வு

ஓர் உடம்பில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்பதை முழு எண்ணில் சொல்ல மருத்துவத்தால் இதுவரை முடியவில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதன் ஐந்தாம் பதிப்பின் அரக்கர் நூலில் (2014) எலும்புக்கூட்டுக்கு 13 உயிர்ப்புள்ளி, மம்மிக்கு 58. பகடையில் விழும் சேதத்தை அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தால் பூஜ்யத்தில் கதை முடிந்தது. இந்தக் கழித்தலுக்கு நடுவே புகுந்து கலகம் செய்பவை ரெசிஸ்டன்ஸ், வல்னரபிலிட்டி என்னும் இரண்டு விதிகள். தீ, குளிர், அமிலம், நஞ்சு, இடி, வெட்டு, குத்து, மொத்தல் என்று சேதம் மொத்தம் 13 வகை. ஒரு வகைக்கு ரெசிஸ்டன்ஸ் பெற்ற உயிருக்கு அந்தச் சேதம் பாதி. வல்னரபிலிட்டி உள்ளதற்கு இரு மடங்கு. இவை அரக்கர்களின் உடற்கூறு பற்றிய விதிகள் என்றே பலரும் நம்புகிறார்கள். அது பிழை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நான்கைந்து மனிதர்கள் இரவு பதினொரு மணிக்கு எவ்வளவு கணக்கைப் பொறுத்துக்கொள்வார்கள் என்பதைப் பற்றிய விதிகள் இவை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதல் சான்று எலும்புக்கூடு. 1977-இல் வந்த அரக்கர் நூலில் கூர்மையான ஆயுதம் எதுவானாலும் எலும்புக்கூட்டுக்குப் பாதிச் சேதம்தான். சதையே இல்லாத உடம்பை அம்பு என்ன செய்யும் என்ற நியாயமான எண்ணம். 2003-இல் வந்த மூன்றரைப் பதிப்பு பாதியை விட்டுவிட்டுக் கழித்தலுக்குப் போனது: மொத்தும் ஆயுதம் தவிர வேறு எதனால் அடித்தாலும் ஒவ்வோர் அடியிலும் 5 குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்குமுகப் பகடை உருட்டும் குறுங்கத்தி, கை பலம் எதுவும் சேராதபோது, எவ்வளவு குத்தினாலும் பயனில்லை. 4 விழுந்தாலும் மிஞ்சுவது பூஜ்யம். இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டும் பெருவாளோ சராசரியாகச் சுமார் 2.3 புள்ளியை உள்ளே தள்ளிவிடும். கழித்தல் என்பது ஏழை ஆயுதத்தின் மீது விதிக்கப்பட்ட தலைவரி. 2008-இல் வந்த நான்காம் பதிப்பும் எண்ணைக் கூட்டுவது, எண்ணைக் கழிப்பது என்ற வழியிலேயே நடந்தது. ஐந்தாம் பதிப்புதான் பாதி, இரட்டிப்பு என்று எல்லாவற்றையும் இரண்டே செயலில் அடக்கியது. ரெசிஸ்டன்ஸ் உள்ள எதிரி மீதுகூடக் குறுங்கத்திக்கு இப்போது சராசரி 1 புள்ளியாவது தேறுகிறது. எலும்புக்கூட்டுக்கு இப்போது அம்பிடமிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடையாது. மொத்தலுக்கு வல்னரபிலிட்டி மட்டுமே மிஞ்சியது. உடற்கூறுதான் நோக்கம் என்றால் இந்தத் திருத்தம் பின்னடைவு. நினைவில் வைக்க வேண்டிய வரிகளைக் குறைப்பது நோக்கம் என்றால் முழு வெற்றி.

குறுங்கத்திக்கு 1 புள்ளி என்றேன். பாதி என்றால் அது 1.25 அல்லவா இருக்க வேண்டும்? இங்கேதான் வகுத்தலின் இருட்டறைக்குள் நுழைகிறோம். எதை வகுத்தாலும் பின்னத்தை உதறிவிட்டுக் கீழே உள்ள முழு எண்ணுக்கு இறங்கு என்பது ஐந்தாம் பதிப்பின் பொது ஆணை. 1-இன் பாதி பூஜ்யம், 3-இன் பாதி 1. ஆக நான்குமுகப் பகடைக்குப் பாதி என்று பெயர் போட்டுக் கொடுப்பது நூற்றுக்கு 40. பெருவாளுக்கு ஏழில் மூன்றே கால், அதாவது நூற்றுக்கு 46 சொச்சம். சில்லறை இல்லை என்று மிட்டாய் நீட்டும் கடைக்காரராவது எதையோ கொடுக்கிறார்; இங்கே அரைப் புள்ளிக்கு மிட்டாய்கூட இல்லை. எல்லாப் பின்னமும் அரக்கன் பக்கமே சேர்கிறது.

ஒரே உடம்பில் இரண்டு விதியும் கூடினால் விவகாரம் முற்றுகிறது. பாதியும் இரட்டிப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், பேசாமல் விட்டுவிடலாம் என்பது மேசைகளில் பரவலாக நிலவும் கருத்து. விதிநூல் அப்படி விடுவதில்லை. முதலில் மற்ற கூட்டல் கழித்தல், பிறகு ரெசிஸ்டன்ஸ், கடைசியில் வல்னரபிலிட்டி என்று வரிசை வகுக்கிறது. 2024 திருத்தப் பதிப்பு இதற்கு ஓர் எடுத்துக்காட்டே தருகிறது: 28 புள்ளித் தீச்சேதம், 5 குறைக்கும் மந்திர வளையம், எல்லாச் சேதத்துக்கும் ரெசிஸ்டன்ஸ், தீக்கு மட்டும் வல்னரபிலிட்டி. 28 முதலில் 23 ஆகிறது, பாதியாகி 11 ஆகிறது, இரட்டித்து 22 ஆகிறது. இரட்டிப்பை முன்னால் வைத்திருந்தால் 46, பிறகு 23. ஆக, ஒரு புள்ளி அரக்கனும் வாங்கிக்கொள்ளாமல் வீரனுக்கும் திரும்பாமல் மாயமானது. இரட்டைப்படை எண்ணில் இந்த இழப்பு இல்லை. ஒற்றைப்படையில் மட்டும் உண்டு. நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு முகப் பகடைகளில் ஒற்றையும் இரட்டையும் சரிபாதி என்பதால், அடிக்கு அரைப் புள்ளி என்ற சீரான விகிதத்தில் உலகத்திலிருந்து சேதம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

ஒரு புள்ளிக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள், 13 புள்ளி எலும்புக்கூட்டின் முன் ஒரு பூசாரியை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் கதாயுதத்தை வீசுகிறார். பலத்தையும் சேர்த்து மொத்தம் 6. மொத்தல் என்பதால் 12 ஆகிறது. மிச்சம் 1. அந்த ஒற்றைப் புள்ளியோடு நிற்கும் எலும்புக்கூடு நொண்டாது, தடுமாறாது, முழு உடம்போடு இருந்தபோது எப்படி வெட்டியதோ அதே வேகத்தில் வெட்டும். இந்த விளையாட்டில் காயத்துக்குப் படிநிலை கிடையாது. 13-உம் 1-உம் வலிமையில் சமம், 1-க்கும் 0-க்கும் நடுவேதான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பூசாரிக்கு 7 விழுந்திருந்தால் 14, எலும்புகள் குவியலாகியிருக்கும். வேறெங்கும் சில்லறையாகக் கழிக்கத்தக்க ஒரு புள்ளி இங்கே மட்டும் உயிர்நிலை ஆகிறது.

இயற்கையோடு ஒத்துப்போகவில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். ஒத்துப்போகவில்லை என்பதுதான் என் கட்சிக்கே பலம். கீழே விழுவது மொத்தல் சேதம். பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை. பார்பேரியன் வகுப்பு வீரன் வெறி கொண்டிருக்கும்போது மொத்தல், குத்து, வெட்டு மூன்றுக்கும் அவனுக்கு ரெசிஸ்டன்ஸ் உண்டு. ஆகவே நூறு அடிப் பள்ளத்தில் சாந்தமாக விழுபவனுக்குச் சராசரி 35, கோபத்தோடு விழுபவனுக்கு ஏறத்தாழ 17. வெகுளாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். இந்த நூலோ குதிக்கும் முன் கோபப்படு என்கிறது. 2014 நூலின் ஓநாய் மனிதனுக்கு மந்திரமோ வெள்ளியோ இல்லாத ஆயுதத்தால் எந்தச் சேதமும் இல்லை. ஆனால் தரை ஆயுதம் அல்ல என்பதால் அவன் மலையிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். வாளுக்கு அசையாதவன் புவியீர்ப்புக்குப் பணிகிறான். இவற்றை முரண் என்று திருத்தப் புகுந்தால் விதிநூல் இன்னும் முந்நூறு பக்கம் நீளும், மேசையில் ஆள் இருக்கமாட்டார்கள்.

ஓர் ஆட்சேபம் மட்டும் கனமானது. மேசையின் வசதிதான் குறி என்றால், ரெசிஸ்டன்ஸ் இத்தனை அரக்கர்களுக்கு வாரி வழங்கப்பட்டிருக்க, வல்னரபிலிட்டி மட்டும் ஏன் இத்தனை அரிது? மூன்றரைப் பதிப்பில் வெள்ளை டிராகனுக்குத் தீ பட்டால் ஒன்றரை மடங்கு சேதம்; ஐந்தாம் பதிப்பு அதை நீக்கிவிட்டது. ராட்சசனுக்கு இருக்கும் ஒன்றும், நல்லவர் ஏந்திய மந்திர ஆயுதத்தின் குத்துக்கு மட்டும் என்று பத்திரப்பதிவு அலுவலக நிபந்தனைகளோடு 2014-இல் வந்தது. இதற்கு விடை மம்மியிடம் இருக்கிறது. ஃபயர்பால் மந்திரத்துக்கு எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. மம்மிக்குத் தீ ஆகாது. தப்பும் உருட்டலில் தோற்றால் 56. இருப்பதோ 58. பழைய கல்லறையிலிருந்து எழுந்து, கட்டவிழ்ந்து, சாபமிட வாயெடுக்குமுன் இரண்டு புள்ளியில் வந்து நிற்கிறது. பக்கத்திலிருப்பவர் கல்லெறிந்தால் போதும். பாதியாக்கல் சண்டையை இழுக்கும். இரட்டிப்பு சண்டையையே ரத்து செய்துவிடும். ஐம்பது சதம் கூடுதல் என்ற நடுவழி இருந்தது, ஆனால் 23-க்குப் பாதி கூட்டு என்று இரவு பதினொரு மணிக்குச் சொல்லிப் பாருங்கள். இரட்டிப்பை எல்லோராலும் போட முடியும். அதனாலேயே அதை எல்லா அரக்கருக்கும் கொடுக்க முடியாது.

ஆகவே ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளை டிராகனுக்குத் தீ கொஞ்சமாவது உறைக்க வேண்டும் என்று உங்கள் ஆட்டக்காரர்கள் மன்றாடினால், மனமிரங்கி வல்னரபிலிட்டி கொடுத்துவிடாதீர்கள். நான்காம் பதிப்பைப் போல ஒவ்வோர் அடிக்கும் 5 கூட்டிக்கொடுங்கள். அந்தக் கூட்டலையும் நீங்களே போடுங்கள், அவர்களிடம் விடாதீர்கள்.